சீல்களைப் பார்க்க எங்களைக் கூட்டிச் செல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டைவ் வழிகாட்டிகளுக்கும், பயிற்றுநர்களுக்கும், படகோட்டிகளுக்கும்,

வணக்கம். பல ஆண்டுகளாக உங்கள் படகுகளில் ஏறி, நீங்கள் காட்டிய இடத்தில் குதித்து, நீங்கள் சொன்ன நேரத்துக்கு மேலே வந்து பழகியவன் எழுதுகிறேன். குளிர்ந்த நீரில் சீல்களோடு, அதாவது கடல்நாய்களோடு, கழித்த நேரங்கள் என் வாழ்நாளின் நல்ல நேரங்கள். அவற்றை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அந்த நன்றியோடுதான் இந்தக் குறையையும் எழுதுகிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், யாருடைய படகு என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு சிறு தீவின் பாறைத் திட்டில் முப்பது நாற்பது சீல்கள் படுத்துக் கிடந்தன. படகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. எல்லோரும் படம் எடுக்க வசதியாக, பாறையை நோக்கி நேராக மூக்கை நீட்டிக்கொண்டு போனது. முதலில் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் எல்லாத் தலைகளும். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு, பாறை விளிம்பில் மோதி, தண்ணீரில் விழுந்தது. அடியில் சிக்கிய ஒரு சின்ன சீல் மட்டும் கடைசியாக, தடுமாறித் தடுமாறி இறங்கியது. எங்கள் வழிகாட்டி மகிழ்ச்சியாகச் சொன்னார்: "எல்லாம் தண்ணிக்குள்ள வந்துடுச்சு, சீக்கிரம் குதிங்க!"

நாங்களும் குதித்தோம். அன்று நீருக்குள் சீல்களுக்குக் குறைவே இல்லை. மேலே வந்ததும் எல்லோரும் அருமையான டைவ் என்றார்கள். நானும் சொன்னேன். அன்று இரவு தூங்கப் போகும்போதுதான், அவை எங்களைப் பார்க்க வரவில்லை, நாங்கள்தான் அவற்றைப் படுக்கையிலிருந்து விரட்டினோம் என்பது உறைத்தது. இந்த மடலை எழுத அதற்குப் பிறகும் இத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பாறையில் கிடக்கும் சீல் சும்மா வெயில் காய்வதுபோலத்தான் நமக்குத் தெரியும். உண்மையில் அது வேலையில் இருக்கிறது. கடலில் இரை தேடி மூழ்கி மூழ்கிக் களைத்த உடம்பு அங்கேதான் ஓய்வெடுக்கிறது, தின்றது செரிக்கிறது. முடி உதிர்த்துப் புதுமுடி வளர்க்கும் பருவத்தில் கரை இன்னும் அவசியம். புதுமுடி முளைக்கத் தோலுக்குச் சூடான இரத்தம் வேண்டும். குளிர்ந்த நீரிலேயே இருந்தால் அந்தச் சூடெல்லாம் கடலுக்குப் போய்விடும். ஒருமுறை விரட்டினால் நாம் பார்ப்பது ஒரு தண்ணீர்த் தெறிப்பு மட்டுமே. பாறையில் கிழிந்த வயிற்றுத் தோல், பிய்ந்த நகம், முறிந்த விலா எலும்பு, நசுங்கிய குட்டி இவையெல்லாம் நம் கேமராவில் விழுவதில்லை. ஒரே நாளில் ஐந்து படகுகள் வந்துபோகும் இடத்தில் இது ஐந்து முறை நடக்கலாம். நம் படகு அதில் ஒன்றுதானே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம்.

அதனால் படகோட்டிகளிடம் என் முதல் வேண்டுகோள். தலைகள் நிமிர்ந்தாலே நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அவை நகரத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கரையேறிக் கிடக்கும் சீல்களிடமிருந்து 100 மீட்டராவது தள்ளி நிற்கும்படி பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காற்றும் இடமும் பார்த்து அதைக் கூட்டலாம், குறைக்க வேண்டாம். நேராக நோக்கிப் போகாமல், பக்கவாட்டில், ஒரே சீரான மெதுவான வேகத்தில் கடந்து போங்கள். திடீரென்று எஞ்சினை முறுக்குவதும், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுவதும் வேண்டாம். எங்களைத் தள்ளியே இறக்கிவிடுங்கள், நாங்கள் நீந்திக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் கூடுதலாக நீந்தச் சொன்னால் முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

குட்டி போடும் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஆர்வம் அதிகத் தீங்கு செய்வது அப்போதுதான்.

உலகில் உள்ள சாம்பல் சீல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டனைச் சுற்றியுள்ள கரைகளில் வாழ்கின்றன. ஃபார்ன் தீவுகள், லண்டி தீவு போன்ற இடங்களுக்கு டைவர்கள் போவது பெரும்பாலும் இவற்றைப் பார்க்கத்தான். அங்கே குட்டி ஈனும் காலம் தென்மேற்குக் கரைகளில் கோடையின் கடைசியில் தொடங்கி, கிழக்குக் கரைக்கு வரும்போது நவம்பர், டிசம்பர் ஆகிவிடுகிறது. பிறக்கும்போது சுமார் 14 கிலோ இருக்கும் குட்டி, மூன்று வாரம்கூட ஆகாத பாலூட்டும் காலத்தில் மூன்று மடங்கு எடை ஏறிவிடும். தாயின் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அத்தனை நாளும் தாய் பெரும்பாலும் பட்டினி. தன் உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே பால் கொடுக்கிறது. அந்தத் தாயை ஒருமுறை தண்ணீருக்குள் விரட்டினால், குட்டிக்கு ஒரு வேளைப் பால் போகிறது. தாய் செலவழித்த சக்தியை ஈடுகட்ட அதற்கும் உணவு இல்லை. அடிக்கடி விரட்டினால் தாயும் குட்டியும் பிரிந்தே போகலாம். வெள்ளை முடியோடு இருக்கும் அந்தக் குட்டி இன்னும் கடலுக்குத் தயாராகவில்லை. பாறையில் தனியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு அதைத் தண்ணீரில் தள்ளிவிடுவது பெரிய தவறு. குட்டி மெலிந்தோ காயப்பட்டோ தெரிந்தால் அந்தப் பகுதியில் உள்ள கடல்விலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் இந்தக் காலம் மாறும். அதே பிரிட்டனில் துறைமுகச் சீல்கள் ஜூன், ஜூலையில் குட்டி போடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப் ஃபர் சீல்களுக்கு அது நவம்பர், டிசம்பர். உங்கள் கடலில் எது எப்போது என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வாரங்களில் குட்டிகள் இருக்கும் கரைப்பக்கம் டைவ் வைக்காதீர்கள். மூழ்கிய கப்பலுக்கோ பாசிக்காடு வளர்ந்த பாறைச் சுவருக்கோ கூட்டிப்போங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்போது நீருக்குள் இறங்குவோம்.

என் முதல் சீல் டைவில் ஆழம் எட்டு மீட்டர்கூட இல்லை. கெல்ப் பாசிக்காட்டுக்கு மேலே ஒரு நிழல் ஓடியது. துரத்தினேன். இன்னொன்று ஓடியது, அதையும் துரத்தினேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்றோடு இறங்கியவன் இருபது நிமிடத்தில் 70 பாருக்கு வந்து நின்றேன். பார்த்ததெல்லாம் வால்பக்கம் மட்டும். மறுநாள் வயதான டைவர் ஒருவர், "ஒரு பாறை ஓரமா போய்ப் படுத்துக்கோ, கையைக் கட்டிக்கோ, ஃபின்னை ஆட்டாதே, சீலை மறந்துட்டு நண்டைப் பாரு" என்றார். அப்படியே செய்தேன். கொஞ்ச நேரத்தில் என் காலில் மாட்டிய நீச்சல் துடுப்பை, அந்த ஃபின்னை, யாரோ மெல்ல இழுப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டேன். இன்னும் சற்று நேரத்தில் ஒரு இளம் சீல் என் முகத்துக்கு நேரே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தது. அதன் மீசைமுடிகள் முன்னால் விரிந்து நின்றன.

அந்த மீசை மிக நுட்பமானது. கண்ணைக் கட்டிவிட்டாலும், முன்பு கடந்துபோன ஒரு பொருள் நீரில் விட்டுச்சென்ற சலனத்தை மீசையாலேயே உணர்ந்து, துறைமுகச் சீலால் அதே தடத்தில் பின்தொடர முடியும் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001இல் சோதித்துக் காட்டினார்கள். அப்படிப்பட்ட உயிரின் பக்கத்தில் பத்துப் பேர் ஃபின்னை அடித்துக்கொண்டு போனால் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் மூச்சுவிட வாயில் கவ்வும் ரெகுலேட்டரிலிருந்து குமிழிகள் சத்தமிட்டு வெடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் அசையாமல் கிடந்தால் அந்த இரைச்சலில் பாதி அடங்கிவிடுகிறது. வருவதா வேண்டாமா என்ற முடிவும் சீலின் கையில் இருக்கிறது.

ஆக, குழுவைச் சிதறவிடாதீர்கள். ஆனால் வட்டம் கட்டவும் விடாதீர்கள். சீலுக்குத் திறந்த கடலுக்குப் போகும் வழி எப்போதும் இருக்க வேண்டும். ஒடுங்கிய பாறை இடுக்கின் வாயில் நான்கு டைவர்கள் நின்றால், உள்ளே இருக்கும் சீல் பொறியில் மாட்டிக்கொண்டதுபோல் உணரும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகவே கூடாது. சில சீல்கள் நீருக்குள்ளேயே தூங்கும். மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு செங்குத்தாக மிதப்பவையும் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றின் அடியில் போய்க் குமிழி விடுவதோ, முகத்தில் டார்ச் அடிப்பதோ வேண்டாம்.

சீல் மேலே போகிறதென்றால் மூச்சுக்காகப் போகிறது. அது தன் இரத்தத்திலும் தசையிலும் தேக்கிய பிராணவாயுவைக்கொண்டு மூழ்குகிறது. மேற்பரப்பில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் அதை நிரப்பிக்கொள்ள முடியும். அங்கேயும் பின்தொடர்ந்து போய் நின்றால் அது போதுமான மூச்சு எடுக்காமல் மறுபடி மூழ்கும். நமக்கும் இது நல்லதில்லை. சீலைப் பார்த்து மேலே, அப்புறம் கீழே, மறுபடி மேலே என்று ரம்பப் பல் போல ஏறி இறங்குவது நம் காதுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து, உடம்பில் சேரும் நைட்ரஜன் கணக்கையும் கெடுக்கும். ஆழம் குறைவுதானே என்று இதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். உடம்பைப் பொறுத்தவரை அழுத்தம் வேகமாக மாறுவதே மேற்பரப்பை ஒட்டிய அந்தச் சில மீட்டரில்தான். உற்சாகத்தில் காற்று மானியைப் பார்க்க மறப்பதும், கூட்டாளியைத் தொலைப்பதும் சீல் டைவ்களில் சாதாரணம். இதையும் டைவுக்கு முன் நீங்கள் தரும் விளக்கத்தில், அதாவது பிரீஃபிங்கில், அழுத்திச் சொல்லுங்கள்.

தொடுவதைப் பற்றி. தமிழில் இதைக் கடல்நாய் என்றும் சொல்கிறோம். ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். உயிரியல்படி பார்த்தாலும் நாய்க்குத் தூரத்து உறவுதான். ஆனால் நாய் என்ற சொல்லும் அந்தப் பெரிய கண்களும் சேர்ந்ததும், கையை நீட்டித் தடவிக்கொடுக்கும் ஆசை நமக்கு வந்துவிடுகிறது. வளர்ந்த ஆண் சாம்பல் சீல் 300 கிலோ வரை வரும். அதன் பல் மீனைக் கிழிப்பதற்காக ஆனது. இளம் சீல்கள் வாயால்தான் உலகத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. ஃபின், தலையில் மாட்டும் ஹூட், கேமரா எல்லாவற்றையும் மெல்லக் கடித்துப் பார்க்கும். அப்போது இழுத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டுவிடுவதே நல்லது. கைகள் மார்போடு கட்டியே இருக்கட்டும். அது நம்மைத் தொடலாம், நாம் திருப்பித் தொடுவது வேண்டாம். மீன் காட்டி வரவழைப்பது இன்னும் மோசம். மனிதனிடம் உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட சீல் படகின் புரொப்பெல்லரையும் தூண்டில்காரர்களையும் தேடித்தான் போகும்.

கடி விழுந்தால் என்ன ஆகும் என்று பெரும்பாலான டைவர்களுக்குத் தெரியாது. சீல் விரல் என்று ஒரு தொற்று உண்டு. கடித்த இடம் வீங்கி, மூட்டுவரை போய், கவனிக்காவிட்டால் விரல் விறைத்தே போகும். இதற்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா வகைக் கிருமி. அதற்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் வகை மருந்துகள் வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகைதான் கேட்கும். கடித்தது சீல் என்று மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு இது தோன்றாமல் போகலாம். இன்னொன்று, 2024இல் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கத்துக் கேப் ஃபர் சீல்களிடம் வெறிநோய் உறுதி செய்யப்பட்டது. கடல் பாலூட்டிகளிடையே வெறிநோய் இப்படிப் பரவியதாக அதற்கு முன் அறியப்பட்டதில்லை. அங்கே ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாயைப் போட்டுக்கொண்டு சீல்களோடு நீந்துவது வெகுகாலமாக நடந்துவரும் ஒன்று. 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சலால் சுமார் 17,000 யானைச் சீல் குட்டிகள் இறந்தன. நோயுற்றதுபோல் தெரியும் சீலை, காரணமில்லாமல் பாய்ந்து வரும் சீலைக் கண்டால் டைவை உடனே முடித்துவிடுங்கள். கடிபட்டால் சோப்பும் நீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

சீல் பேசும் மொழியையும் எங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள். வாயைத் திறந்து பல்லைக் காட்டுவது, முகத்துக்கு நேரே குமிழியை ஊதுவது, முன்துடுப்பால் நீரை அறைவது, பெரிய ஆண் ஒன்று வேகமாகச் சுற்றிச் சுற்றி வருவது எல்லாமே "போ" என்பதுதான். சாம்பல் சீல் ஆண்கள் நீருக்குள் முன்துடுப்புகளைச் சேர்த்துக் கைதட்டுவதுபோல் அடிக்கும். மருத்துவரும் டைவருமான பென் பர்வில் பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 2017இல் ஃபார்ன் தீவுகளில் இதைப் படம் பிடித்தார். 2020இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. வெடிபோல் கேட்கும் அந்தச் சத்தம் மற்ற ஆண்களை விரட்டவும் பெண்களைக் கவரவும் ஆனது என்கிறார்கள். விளையாட்டுக்காகத் தட்டுகிறது என்று நினைத்து ஒரு டைவர் அதை நோக்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியதரைக் கடலின் மாங்க் சீல்கள் ஒரு காலத்தில் திறந்த மணற்கரைகளில் குட்டி போட்டன. மனிதர்களுக்குப் பயந்து, நீருக்கடியில் வாசல் உள்ள குகைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. அவற்றுக்கு அதுதான் கடைசி வீடு. கரீபியன் மாங்க் சீல் கடைசியாக 1952இல் உறுதியாகக் காணப்பட்டது, 2008இல் அழிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். அதனால் மாங்க் சீல் இருக்கும் குகைக்குள் டைவர்களைக் கூட்டிப்போக எந்தக் காரணமும் போதாது. வேறு இடங்களிலும் சீல்கள் தங்கும் குகைகளை விட்டுவிடுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, சீலின் இயல்பான நடத்தையைக் குலைக்கக்கூடிய தொந்தரவுகூடக் குற்றமாகலாம். ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட கரையேறும் இடங்களில் சீல்களைத் துன்புறுத்துவது குற்றம். இவ்வளவு தெளிவான சட்டம் இல்லாத கரைகளும் இருக்கின்றன. அங்கேயெல்லாம் சீல்களுக்கு இருப்பது உங்கள் மனசாட்சி மட்டும்தான்.

இனி, நான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் விளம்பரங்களை மாற்றுங்கள். சீலைக் கட்டிப்பிடித்தபடி, சீலின் கையைப் பிடித்தபடி இருக்கும் படங்களை எடுத்துவிடுங்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது சீல் தானாகவே வந்திருக்கலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டி வரும் அடுத்த பத்துப் பேரும் அதையே எதிர்பார்த்து வருகிறார்கள். சீல் வராவிட்டால் அவர்கள் துரத்துவார்கள், அவர்களைத் திருப்திப்படுத்த நீங்கள் பாறையை நெருங்குவீர்கள். நான் பார்த்த அந்தக் காலைப்பொழுது அப்படித்தான் உருவானது. அந்த வழிகாட்டி கெட்டவர் இல்லை. சீல் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றப் பார்த்தார். அந்த வாக்கையே கொடுக்காதீர்கள். "சீல்கள் வாழும் கடலில் ஒரு டைவ், வந்தால் பார்ப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரீஃபிங்குக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுங்கள். சிலிண்டர் மாட்டுவதற்கு முன்பே, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள். தலை நிமிர்ந்தால் என்ன, குமிழி ஊதினால் என்ன, கை எங்கே இருக்க வேண்டும், எப்போது டைவை முடித்துவிடுவோம் என்பதையெல்லாம். விதியை மீறுபவரை அடுத்த டைவுக்கு இறக்காதீர்கள். காசு கட்டியவராயிற்றே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒருமுறை மறுத்தால் படகில் உள்ள எல்லோருக்கும் அது விளங்கிவிடும். கழுத்தில் வலையோ பிளாஸ்டிக் வளையமோ இறுகிய சீலைக் கண்டால் தள்ளி நின்றே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மீட்புக் குழுவிடம் சேர்ப்பது எப்படி என்றும் சொல்லிக்கொடுங்கள். அந்த வேலைக்கு டைவர்களின் கேமரா நிஜமாகவே பயன்படும்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் நீங்கள் வழக்கமாகப் படிக்கும் பிரீஃபிங் தாளையும், படகை நிறுத்தும் இடங்களையும் ஒருமுறை உங்கள் குழுவோடு உட்கார்ந்து பாருங்கள். சீல் ஒன்றுகூட வராத டைவுக்குப் பிறகு எங்களிடம் என்ன சொல்வீர்கள் என்பதையும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு நாளில் படகேறும்போது நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாளும் வருவேன்.

அன்புடன்,
உங்கள் படகில் இடம் பிடிக்கக் காத்திருக்கும் ஒரு டைவர்